ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஒற்றைத்துண்டு ஸ்கோப் மவுண்ட்: வாங்கலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள், ஸ்கோப் பெட்டியில் கூடவே வரும் இரண்டு தனி ரிங்குகளை ஓரமாக வைத்துவிட்டு, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் இந்த ஒற்றைத்துண்டு மவுண்டை வாங்கலாம். ஆனால் கூரியரில் வந்த கையோடு மாட்டிச் சுட்டால் இதுவும் நகரும். மாட்டுவதற்கு முன்னால் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. 'மவுண்ட் நிற்கவில்லை' என்று ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போகிறவர்கள் பலரும் அந்த வேலையைச் செய்யாதவர்கள்தான்.

இணையக் கடைகளில் பல பெயர்களில் கிடைக்கும் சாதாரண அலுமினிய மவுண்ட் இது. துப்பாக்கியின் மேல்பக்கம் உள்ள 11 மி.மீ. டவ்டெயில் ரெயிலில், அதாவது பக்கங்கள் உள்நோக்கிச் சரிந்த தடத்தில், உட்காரும். ஓர் அங்குல, அதாவது 25.4 மி.மீ. குழாய் உள்ள ஸ்கோப்பைப் பிடிக்கும். நீளம் ஏறத்தாழ 10 செ.மீ. ரெயிலைக் கவ்வ நான்கு எம்4 ஸ்க்ரூ, இரண்டு ரிங் மூடிகளுக்கும் சேர்த்து எட்டு எம்3 ஸ்க்ரூ, அடியில் தலையில்லாத எம்4 ஸ்க்ரூ ஒன்று. அந்தத் தலையில்லாத ஸ்க்ரூதான் மவுண்ட் ரெயிலில் நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின். கொடுத்த காசுக்கு உண்மையில் வேலை செய்யும் பாகம் அதுதான். கூடவே ஒரு ஆலன் கீ தருகிறார்கள். மெத்து இரும்பு, நுனி உருண்டு ஸ்க்ரூவின் குழியையும் கெடுத்துவிடும். அதைப் பயன்படுத்த வேண்டாம். ஹார்டுவேர் கடையில் நல்லதாக மூன்று வாங்குங்கள்: பின்னுக்கு 2 மி.மீ., மூடிக்கு 2.5 மி.மீ., அடிக்கு 3 மி.மீ.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: .177 பெல்லட்டின் எடை அரை கிராம்தான். அதனால் வரும் உதை ஒன்றுமே இல்லை. உதைப்பது உள்ளே ஓடும் இரும்புப் பிஸ்டன். ட்ரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் போகிறது. அடுத்த கணமே பிஸ்டன் சிலிண்டரின் முன்முனையில் மோதி நிற்கிறது, துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கிறது. இந்த இரண்டாவது வெட்டுதான் கொடுமை. நிற்கிற பஸ் திடீரென்று கிளம்பினால் கம்பியைப் பிடிக்காதவர் பின்னால் சாய்வது போல, ஸ்கோப் ரெயிலில் பின்னால், நம் கண்ணை நோக்கி நகர்கிறது. லைசென்ஸ் உள்ள .315 போன்ற வெடிமருந்து ரைஃபிளில் கதை நேர்மாறு. அங்கே துப்பாக்கி ஒரே திசையில், பின்னால் உதைக்கிறது. ஸ்கோப் குழல்முனையை நோக்கி நகரப் பார்க்கும். அதற்கென்று செய்த ஸ்கோப் எவ்வளவு விலை என்றாலும், இரண்டு பக்கமும் அடி வாங்கும் ஸ்பிரிங் ரைஃபிளில் உள்ளே லென்ஸ் கழன்று வரலாம், குறுக்குக்கோடு சரியலாம். ஏர்கன்னுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தே ஸ்கோப் வாங்குங்கள். எடை குறைந்த ஸ்கோப் என்றால் மவுண்டுக்கும் பாரம் குறைவு.

இனி ஸ்டாப் பின். உங்கள் ரெயிலின் மேல்பக்கம் பின்கோடியில் ஒன்றோ இரண்டோ சின்னத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்னின் நுனி அந்தத் துளைக்குள் இறங்க வேண்டும், ஆனால் அடியைத் தொடக் கூடாது. கடையிலிருந்து வரும்போது பின் பெரும்பாலும் தேவைக்கு அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே மாட்டினால் துளையின் அடியில் முட்டி மவுண்டையே தூக்கிவிடும். பார்வைக்கு இறுகியது போலத்தான் இருக்கும். ஆனால் கவ்விகள் டவ்டெயிலின் சரிவில் முழுதாகப் படியாமல் விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டிருக்கும். பத்துப் பெல்லட்டில் ரெயிலில் கீறல் விழுந்துவிடும்.

சரியான முறை இது: பின்னை முழுதும் உள்ளே ஏற்றிவிட்டு மவுண்டை ரெயிலில் தளர்வாக வையுங்கள். துளைக்கு நேராகக் கொண்டுவந்து பின்னை மெல்ல இறக்குங்கள். அடி தட்டியதும் கால் சுற்று திரும்ப ஏற்றுங்கள். பிறகு மவுண்ட் முழுவதையும் கையால் பின்பக்கம் தள்ளி, பின் துளையின் பின்சுவரில் முட்டி நிற்கும் நிலையில் வைத்துக்கொண்டு கவ்வியை இறுக்குங்கள். பின்னுக்கும் துளையின் பின்சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு இறுக்கினால், அந்த இடைவெளி தீரும் வரை மவுண்ட் ஓடி, பின்னில் சுத்தியல் போல அடிக்கும். பின் வளைவது அதனால்தான்.

ரெயிலில் துளையே இல்லையென்றால் லேத்தில் கொடுத்துப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். அடியில் இருப்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டர். ட்ரில் ஒரு நூல் ஆழமாக இறங்கினாலும், உள்ளே எழும் பிசிறு பிஸ்டன் சீலைக் கிழித்துவிடும். மவுண்டுக்குப் பின்னால் ரெயிலைக் கவ்வி நிற்கும் தனி ஸ்டாப் கட்டை விற்கிறது, அதை வாங்கி முட்டுக் கொடுங்கள்.

ரெயிலைத் துடைக்கும் வேலையைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். புதுத் துப்பாக்கி எண்ணெய் பூசித்தான் வரும். பழைய துப்பாக்கிக்கு நாமே துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் போட்டிருப்போம். எண்ணெய்ப் படலத்தின் மேல் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பருத்தித் துணியில் நனைத்து, துணியில் கறுப்பு வராத வரை துடையுங்கள். ரெயிலின் சரிவு, கவ்வியின் உட்பக்கம், ரிங்கின் உள்வளைவு, ஸ்கோப் குழாய், ஸ்க்ரூ மரை எல்லாவற்றுக்கும் இது உண்டு. பெட்ரோல் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும். அசிட்டோன் துப்பாக்கி மரக்கட்டையின் பாலிஷைத் தின்னும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அந்தக் கடற்கரைக் கருமணல் பொடி நுண்ணியது, கடினமானது. ஒரு மணல் கவ்விக்குள் மாட்டினாலும் அந்தப் பக்கம் உயர்ந்து உட்காரும், அலுமினியத்தில் குழி விழும். பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்ட பிறகே ஆல்கஹால்.

அடிக்கவ்வியின் நான்கு ஸ்க்ரூக்களை இறுக்க 2.5 முதல் 3 நியூட்டன் மீட்டர் போதும். ரிங் மூடிக்கு 1.7 முதல் 2. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர் இல்லாதவர்கள் ஆலன் கீயின் நீளப்பக்கத்தை ஸ்க்ரூவில் வைத்து, குட்டைப்பக்கத்தை இரண்டு விரலால் திருகுங்கள். விரல் நொந்தால் நிறுத்துங்கள். குட்டைப்பக்கத்தைச் செருகி நீளப்பக்கத்தை முழுக்கையால் இழுப்பவர்கள்தான் அலுமினிய மரையை உரித்துவிட்டு மவுண்டைத் திட்டுகிறார்கள். ஒரு ஸ்க்ரூவை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், குறுக்குமறுக்காகக் கால் கால் சுற்றாக ஏற்றுங்கள். மூடியின் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க மூடிக்கொண்டால் மூடி குழாயைப் பிடிக்கவில்லை, கீழ்ப்பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்க்ரூ தளராமல் மரையில் போடும் பசையான லாக்டைட் வேண்டுமா? அடிக்கவ்வி ஸ்க்ரூவுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு சொட்டு 243 போடலாம். ரிங் மூடிக்கு வேண்டாம், போட்டே ஆக வேண்டும் என்றால் பலம் குறைந்த 222. சிவப்பு 271 இந்தப் பக்கமே வரக்கூடாது. சூடு காட்டாமல் கழற்ற முடியாது, சூட்டில் ஸ்கோப்பின் சீல் போய்விடும். ஈரமான லாக்டைட் மரையை வழுக்கச் செய்யும், ஆகவே அதே விசையில் ஸ்க்ரூ இன்னும் அதிகமாக இறுகும். சற்றுக் குறைத்தே திருகுங்கள். ஒரு நாள் விட்டுவிட்டுச் சுடுங்கள்.

மவுண்ட் அசையாமல் நின்றும் ஸ்கோப் மட்டும் ரிங்குக்குள் வழுக்குவது உண்டு. விலை குறைந்த ஸ்கோப்பின் குழாய் வழவழப்பான பூச்சோடு வருவதுதான் காரணம். வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டி இசைக்கருவிக் கடையில் கிடைக்கும். அதைப் பொடித்து ஆல்கஹாலில் கரைத்து ரிங்கின் உள்வளைவில் மெல்லிய படலமாகத் தடவிக் காயவிடுங்கள், பிடிப்பு கூடும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை உள்ளே சுற்றும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. வெயிலில் அதன் பசை இளகி ஓடும், டேப்பே எண்ணெய் வேலை செய்துவிடும்.

ஒற்றைத்துண்டின் பெரிய லாபம், இரண்டு ரிங்கும் ஒரே கட்டையில் இருப்பதால் ஒன்றுக்கொன்று கோணலாக நிற்க வாய்ப்புக் குறைவு. தனி ரிங்குகள் கோணலாக இருந்தால் குழாய் நசுங்கும், பிடிப்பும் விளிம்பில் மட்டுமே இருக்கும். இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: ஸ்கோப்பைக் கீழ்ப்பாதிகளில் படுக்க வைத்து, சாதாரண ஏ4 தாளின் ஒரு துண்டை, அது 0.1 மி.மீ. கனம் இருக்கும், இரண்டு பக்கமும் நுழைத்துப் பாருங்கள். ஒரு ரிங்கில் மட்டும் தாராளமாக நுழைந்தால் திருப்பி அனுப்புங்கள். குறுக்குக்கோட்டை நேராக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். பத்து மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு, நூலோடு செங்குத்துக் கோடு ஒன்றும்படி திருப்பி மூடியை இறுக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் நெயில் பாலிஷால் இரண்டு கோடு போடுங்கள்: மவுண்டிலிருந்து ரெயிலுக்கு ஒன்று, ரிங்கிலிருந்து குழாய்க்கு ஒன்று. 20 பெல்லட் சுட்டதும், பிறகு 100 சுட்டதும் பாருங்கள். முதல் கோடு உடைந்திருந்தால் பின்னையோ கவ்வியையோ பாருங்கள். இரண்டாவது உடைந்திருந்தால் ரிங். இரண்டும் அப்படியே இருந்தும் குறி விலகினால் மவுண்டைத் தொட வேண்டாம். துப்பாக்கி மரக்கட்டையின் முன்பக்க இரண்டு ஸ்க்ரூவும் ட்ரிகர் கார்டு ஸ்க்ரூவும்தான் ஸ்பிரிங் ரைஃபிளில் முதலில் தளரும். அவையும் இறுக்கமாக இருந்தால், குழல் மடங்கும் இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மடக்கும் ரைஃபிள்களில் குழல் கொஞ்சம் கீழ்நோக்கி இருப்பது சகஜம். அதை ஈடுகட்ட ஸ்கோப்பின் உயரக் குமிழை மேல் எல்லை வரை திருகினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, ஒவ்வொரு சுடுதலுக்கும் கோடு இடம் மாறும். மவுண்ட் மேல் பழி விழும் இடங்களில் இதுவும் ஒன்று.

இனி கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய தொல்லை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே இங்கே பெய்கிறது, குளச்சல் முதல் கன்னியாகுமரி வரை உப்புக்காற்று வேறு. மவுண்டின் அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகாது. கூட வரும் கறுப்பு ஸ்க்ரூக்கள்தான் ஒரே மழைக்காலத்தில் செம்பழுப்பாகிவிடும், இதில் அரை ஸ்டார் குறைக்கிறோம். கடலோரத்தில் இருப்பவர்கள் ஏ2 தர ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது கறுப்பு 12.9 தர ஸ்க்ரூ அளவுக்கு வலுவானதல்ல: எம்3 ஸ்டெயின்லெஸ்ஸை 1 நியூட்டன் மீட்டரிலும், எம்4-ஐ 2-லும் நிறுத்துங்கள். உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினிய மரை அரித்துப் பிடித்துக்கொள்ளும். மரையில் லாக்டைட் இருந்தால் அது ஈரத்தையும் தடுக்கும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் உப்பு இல்லை, பூஞ்சைதான். துப்பாக்கியை உறைக்குள் வைத்துப் பூட்டிவிடாமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

இதைவிட மேலானது வேண்டுமென்றால் ஜெர்மனியின் டயானா விற்கும் 'புல்ஸ்ஐ இஸட்ஆர்' என்ற மவுண்ட் இருக்கிறது. ஸ்கோப்பை ஸ்பிரிங்கில் முன்னும் பின்னும் வழுக்கவிட்டு உதையை வாங்கிக்கொள்ளும் அமைப்பு. விலையும் எடையும் உயரமும் கூடும். உதை மிக அதிகமான ரைஃபிளில் ஸ்கோப் உடைந்து உடைந்து சலித்தவர்களுக்கு அது நியாயம். சாதாரண இந்திய மடக்கு ரைஃபிளுக்கு வீண்செலவு.

குறுக்கே பள்ளங்கள் வெட்டிய பிக்காட்டினி ரெயில் உள்ளவர்கள் இதை வாங்கவே முடியாது, பொருந்தாது. அவர்களுக்கு ஸ்டாப் பின்னும் தேவையில்லை, அந்த ரெயிலுக்கான மவுண்டின் குறுக்குக்கட்டை பள்ளத்தில் உட்காரும். அதையும் பின்பக்கம் தள்ளி முட்ட வைத்தே இறுக்க வேண்டும். வெடிமருந்து ரைஃபிளுக்குச் சொல்லும் 'முன்னால் தள்ளு' என்ற அறிவுரை இங்கே தவறு. பெல்லட்டை மேல்பக்கத்திலிருந்து போடும் சைடு லீவர் ரைஃபிளில் நீளமான கட்டை வழியை மறைக்கும். முன்கூட்டியே அடைத்த காற்றால் சுடும் பிசிபி ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு உதையே இல்லை, பெட்டியில் வந்த ரிங்குகளே போதும். 40 மி.மீ. முன்லென்ஸ் என்றால் தாழ்ந்த உயரத்தைத் தவிர்த்து நடுத்தர உயரம் கேளுங்கள். லென்ஸ் கூடுக்கும் குழலுக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளியாவது வேண்டும்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை: ஸ்டாப் பின் உண்டா, அது ஏற்றி இறக்கக்கூடியதா, 11 மி.மீ.க்குத்தானா. சில மவுண்டுகளில் '9–11' என்று எழுதியிருக்கும், அதுவும் பொருந்தும். அடிக்கவ்வியில் இரண்டே ஸ்க்ரூ உள்ளதை வாங்காதீர்கள்.