வானத்து வெளிச்சத்துக்கு அரசுப் பதிவு: ஆர்டிஐ மனுவா, வெளியான கோப்பா?

காசிமேட்டிலோ எண்ணூரிலோ கடலுக்கு மேலே புரியாத வெளிச்சம் தெரிந்தால், அரசு ஆவணம் தேட இரண்டு வழி உண்டு. ஒன்று ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். மற்றொன்று, அமெரிக்கா ஏற்கெனவே வெளியிட்ட கோப்புகள்.

ஆர்டிஐ கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "பறக்கும் தட்டு உண்டா?" என்று கேட்டால் மனு வீண். கைவசம் உள்ள பதிவைத்தான் தருவார்கள், கருத்து சொல்ல மாட்டார்கள். தேதி, நேரம், இடம், எந்த ஆவணத்தின் நகல் என்று எழுதுங்கள். விமானப் பதிவேடுகள் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழியுங்கள்; இல்லாவிட்டால் விடிகாலைச் சம்பவம் முந்தைய தேதியில் கிடக்கும், "பதிவு இல்லை" என்று பதில் வரும். பாதுகாப்பைக் காட்டிப் பிரிவு 8(1)(அ)-இல் மறுத்தால், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

வெளியான கோப்புகளுக்குக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்க விமானப்படையின் பறக்கும் தட்டு விசாரணையான புராஜெக்ட் புளூ புக் 1969-இல் மூடப்பட்டது. மொத்தம் 12,618 பதிவுகள். விடை கிடைக்காதவை 701 மட்டுமே. ராயபுரத்துச் செய்தி அதில் இருக்காதுதான். ஆனால் விசாரிக்கும் முறையைப் பழக அதுவே நல்லது: வெள்ளி கிரகம், பலூன் என்று எத்தனை கழிந்தன!

சொந்தச் சம்பவத்துக்கு ஆர்டிஐதான். மனு போடும் முன் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதல் நேரத்தைப் பாருங்கள். வடசென்னைக்கு ராக்கெட் நன்றாகவே தெரியும்.