மதுரை வெயிலுக்கு எந்த ஃபிலிம்? நான்கு ரோல்களின் ஒப்பீடு

மதுரையையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஃபிலிம் கேமராவில் எடுக்க விரும்புகிறவருக்கு இன்று கிடைக்கும் ரோல்களில் நான்கை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன். இல்ஃபோர்டின் கறுப்பு வெள்ளை ஃபிலிமான எச்.பி.5 பிளஸ், கோடாக்கின் வண்ண நெகடிவ்களான கோல்டு 200, போர்ட்ரா 400 ஆகியவை முதல் மூன்று. நான்காவது இல்ஃபோர்டின் எக்ஸ்.பி.2 சூப்பர், படம் கறுப்பு வெள்ளையில் விழும், ஆனால் வண்ண ஃபிலிமைக் கழுவும் முறையிலேயே இதையும் கழுவ வேண்டும். நெகடிவ் இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நண்பகலில் மாசி வீதிச் சாலைக்கும் அதன் ஓரத்துக் கடையின் உட்புறத்துக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை ஸ்லைடு தாங்காது. ஒன்று சாலை வெளுத்துப் போகும், அல்லது கடைக்காரர் இருட்டில் மறைந்துவிடுவார். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதிரே நிற்கும் பொருளின் நிறமும், ரோலைக் கழுவப்போகும் தண்ணீரின் சூடுமே இந்த ஊரில் ஃபிலிமைத் தீர்மானிக்கின்றன. ரசனைக்கு அதன் பிறகுதான் இடம்.

முதலில் வெயில். மேகமற்ற நண்பகலில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, எஃப் 16 என்று சிறிதாக வைத்து, ஃபிலிமின் வேகத்தையே (ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் எண்) ஷட்டர் வேகமாகக் கொள்ளலாம் என்பது ஸ்டுடியோக்காரர்கள் அனைவரும் அறிந்த பழைய கணக்கு. 400 ஸ்பீடு ஃபிலிமுக்கு அது நொடியில் 500-இல் ஒரு பங்கு, எஃப் 16 என்று வரும். யாஷிகா எலக்ட்ரோ 35, யாஷிகா மேட் 124 ஜி போன்ற பழைய கேமராக்களின் உச்ச வேகமே 500-இல் ஒரு பங்குதான். எனவே எச்.பி.5 அல்லது போர்ட்ரா 400 போட்டுக்கொண்டு பகல் பதினொரு மணிக்கு விளக்குத்தூண் பக்கம் இறங்குகிறவருக்கு அபெர்ச்சரைத் திறக்க வழியே இருக்காது. பின்னணியில் உள்ள விளம்பரப் பலகை, மின்கம்பி, ஷேர் ஆட்டோ எல்லாம் முன்னால் நிற்கும் ஆளைப் போலவே துல்லியமாக விழும். நிக்கான் எஃப்.எம்.2 போல 4000-இல் ஒரு பங்கு வரை செல்லும் கேமரா வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்களுக்குப் பகல் நேரத்தில் கோல்டு 200 தரும் ஒரு ஸ்டாப் வசதி பெரிது (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி). கோல்டை 100 என்று வைத்து ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுத்தாலும் அது முகம் சுளிக்காது, நிழல்கள்தான் தெளிவாகும். வண்ண நெகடிவுக்கு வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் நிழல் சேறாகிவிடும்.

வீட்டுப் பரணில் ஆக்ஃபா கிளிக் 3 கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு 400 ஸ்பீடு ரோல் வாங்கப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கேமராவில் ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மெதுவானது. மதுரை வெயிலில் அதற்கு 100 ஸ்பீடே அதிகம்.

கோபுரங்களின் விஷயத்தில் வண்ணம் ஐயமின்றி வெல்கிறது. கோயிலுக்குள் கேமராவுக்கும் கைபேசிக்கும் அனுமதி இல்லை. ஆகவே சித்திரை வீதிகளிலிருந்தோ, அருகிலுள்ள விடுதிகளின் மொட்டை மாடியிலிருந்தோ எடுப்பதுதான் வழி. சுமார் 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நேர்வது இதுதான்: பச்சை மேனியும் சிவப்பு ஆடையும் நீலப் பின்புறமும் நெகடிவில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் வந்து அமர்கின்றன. ஓர் உருவம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்துக் காட்டியது வண்ணப்பூச்சு. அதை எடுத்துவிட்டால் நூற்றுக்கணக்கான சுதை உருவங்களும் ஒரே குவியலாகிவிடும். சிவப்பு ஃபில்டர் போட்டால் சிவப்பு வெளுக்கும், பச்சை கறுக்கும். ஆனால் ஒரு கூட்டத்தைப் பிரித்த ஃபில்டர் இன்னொரு கூட்டத்தை ஒட்டவைத்துவிடும். ஆகவே இங்கே கோல்டு 200-ஐத்தான் சொல்வேன். போர்ட்ரா உயர்ந்த ஃபிலிம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை, ஆனால் அது நிறங்களை அடக்கமாகச் சொல்லும். கோபுரத்துக்கு அடக்கம் எதற்கு? மாலை நாலரை மணிக்கு மேல் மேற்குக் கோபுரத்தில் விழும் மஞ்சள் வெயிலோடு கோல்டின் இயல்பான மஞ்சள் சாய்வும் சேரும்போது, நேரில் கண்டதைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஒளிர்கிறது. அந்த மிகை எனக்குக் குறையாகப் படவில்லை.

மனிதர்களை எடுக்கும்போது இதே சாய்வு பாதகமாகிறது. நம் ஊர்க் கருத்த மேனியை நேர் வெயிலில் கோல்டு செம்மஞ்சளாக இழுக்கும். போர்ட்ரா அந்தப் பழுப்பைப் பழுப்பாகவே காப்பாற்றும். விலை கணிசமாகக் கூடுதல் என்பதால், அதை முகங்களுக்கு மட்டும் ஒதுக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

கல்லூரிகள், பல்கலைக்கழகம், அரண்மனை என்று பழைய கட்டடங்களின் பக்கம் வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. 1881-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் கல்லூரியின் செங்கல் கட்டடங்களையே எடுத்துக்கொள்ளலாம். வளைவுகளும் தூண்களும் கொண்ட அந்தச் சிவப்புச் சுவர்களுக்கு முன்னால் அடர்ந்த மரங்கள் நிற்கின்றன. வண்ணத்தில் கண் முதலில் சிவப்பையும் பச்சையையும்தான் பார்க்கும். கட்டடத்தின் வடிவம் பின்வாங்கிவிடும். எச்.பி.5-இல் ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் செங்கல்லும் இலையும் ஒரே சாம்பலாகும் ஆபத்து இங்கும் உண்டு, ஆனால் இங்கே பிரிக்க வேண்டியவை இரண்டே நிறங்கள் என்பதால் ஃபில்டர் வேலை செய்கிறது. பச்சை ஃபில்டர் போட்டால் இலைகள் வெளிறி, செங்கல் கனத்த கரும் சுவராக எழும். ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் நேர்மாறாக, சுவர் ஒளிபெற்று மரங்கள் இருண்ட சட்டகமாகிவிடும், வானமும் ஆழ்ந்து தெரியும். ஆரஞ்சு ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்கும். முன்பு சொன்ன 500-இல் ஒரு பங்குத் தொல்லைக்கு அதுவே மருந்துமாகும். வளாகத்துக்குள் நுழையுமுன் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

வானத்தைப் பற்றிய இந்தக் கவலை மதுரையில் பழையது. சென்னை அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மெழுகு பூசிய காகித நெகடிவில் இந்த ஊரை எடுத்தார். அக்காலப் பூச்சு நீல ஒளியை மட்டுமே பெரிதும் உணர்ந்ததால் வானம் வெறும் வெள்ளையாக விழுந்தது. நெகடிவின் மேல் கைவேலை செய்து மேகங்களை உண்டாக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. அவர் எடுத்த திருமலை நாயக்கர் அரண்மனைப் படங்களில் சிதிலமடைந்த கட்டடத்தைப் பார்க்கிறோம். 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில்தான் அது பழுதுபார்க்கப்பட்டது. 1636-இல் எழுந்த அந்த அரண்மனையின் சொர்க்கவிலாசத்தில் இன்று நின்று பார்க்கிறவருக்கு, பருத்த வெண்சுதைத் தூண்களின் மேல் ஒளி எப்படிப் படிப்படியாகத் தேய்கிறது என்பதுதான் காட்சி. அங்கே நிறத்துக்கு வேலையே இல்லை. முற்றத்தின் வெயிலுக்கு ஒளியை அளக்கும் மீட்டரைக் காட்டினால் தூண்களின் நிழற்பக்கம் காலியாக வரும். நிழலுக்குக் காட்டி, எச்.பி.5-ஐ 200 என்று வைத்து எடுத்து, படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பரில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தைக் குறைத்தால் இரண்டும் நெகடிவில் தங்கும். வண்ண நெகடிவிலும் இரண்டும் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கட்டுப்பாடு நம் கையில் இருக்காது, லேபின் கையில் இருக்கும்.

1966-இல் தொடங்கிய காமராசர் பல்கலைக்கழகம் நாகமலைப் பக்கம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அதிகத் தொலைவில்லாத கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் போய்வரலாம். பேச்சிப்பள்ளத்தின் சமணப் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துகளும் ஆழம் குறைந்தவை. பக்கவாட்டில் ஒளி சாயும் நேரத்தில் மட்டுமே எழுந்து நிற்கும். இங்கே ஃபிலிம் வகையைவிட அளவு முக்கியம். 35 மி.மீ. ரோலைவிட அகலமான 120 ரோலின் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் நெகடிவ் கல்லின் சொரசொரப்பைப் பல மடங்கு நன்றாகக் காட்டும். பன்னிரண்டு படம்தான் என்பது அசையாத கல்லுக்கு முன்னால் ஒரு குறையல்ல.

விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போனால் கணக்கு மீண்டும் மாறுகிறது. பந்தலின் கீழ் டியூப் லைட்டும் எல்.இ.டி. விளக்கும் கலந்து எரியும். பகல் ஒளிக்கென்று செய்யப்பட்ட கோல்டும் போர்ட்ராவும் அங்கே பச்சை பூசிய முகங்களைத் தரும். எச்.பி.5-ஐ 1600 என்று வைத்து, இல்ஃபோர்டின் ஐ.டி.11 டெவலப்பரை நீர் கலக்காமல் 20 டிகிரியில் 14 நிமிடம் கொடுத்தால் போதுமான நெகடிவ் கிடைக்கும், கிரெயின் (படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள்) கூடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சாக்கிலிருந்து கொட்டிய மல்லிகைக் குவியல் காட்சியை நிறைத்தால், மீட்டர் அந்த வெள்ளையைக் கண்டு ஏமாந்து ஒளியைக் குறைக்கச் சொல்லும். அது சொல்வதைவிட ஒன்றரை ஸ்டாப்பாவது கூட்டிக் கொடுத்தால்தான் மொட்டுகள் வெள்ளையாக வரும், எடை போடுகிறவரின் விரல்களும் தெரியும்.

சித்திரைத் திருவிழாவில் எனக்கே உறுதியான தீர்ப்பு கிடையாது. அழகர் வைகையில் இறங்குவது விடியலை ஒட்டிய நேரம். வெளிச்சத்தைப் பார்த்தால் எச்.பி.5-ஐ 1600-இல் வைப்பதே ஒழுங்கு. ஆனால் ஆற்றங்கரையில் இரவெல்லாம் காத்திருக்கும் சனம் முதலில் கேட்பது, சாமி இந்த வருஷம் என்ன பட்டு உடுத்தி வருகிறார் என்பதைத்தான். பச்சைப் பட்டு என்றால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. அந்த ஒரு செய்தியைக் கறுப்பு வெள்ளையால் சொல்ல முடியாது. தங்கக் குதிரை வாகனம் கூட அதில் சாம்பல் குதிரைதான். எனவே தொழில்நுட்பக் கணக்கு வேண்டாம் என்று சொன்னாலும் போர்ட்ரா 400-ஐ 800-ஆக வைத்து, எஃப் 1.8 லென்ஸோடு போகலாம். லேபில் ஒரு ஸ்டாப் கூட்டிக் கழுவச் சொல்ல வேண்டும். கோல்டு 200 அந்நேரத்துக்குப் போதாது. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையிலும் ஆற்றிலும் தோப்பறை என்னும் தோல் பை வைத்துத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் கேமராவைப் பார்த்து ஒதுங்கப்போவதில்லை. பேட்டரி இல்லாமலும் ஓடக்கூடிய கேமராவை, லென்ஸ் மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போவது நல்லது.

இனி கழுவும் வேலை. எச்.பி.5-இன் உண்மையான பலம் இங்குதான் இருக்கிறது, மதுரையின் உண்மையான தொல்லையும் இங்குதான். கறுப்பு வெள்ளை டெவலப்பருக்கான நேரங்கள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசுக்குச் சொல்லப்பட்டவை. மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியை எளிதாகத் தாண்டும். அந்தச் சூட்டில், நீர் கலக்காத ஐ.டி.11-இல் ஏழரை நிமிட வேலை மூன்று நிமிடத்துக்கு அருகில் வந்துவிடும். இவ்வளவு குறுகிய நேரத்தில் டெவலப்பர் ஒரே சீராகப் பரவாது, வானத்தில் திட்டுத் திட்டாக வரும். இதற்கு வழி இரண்டு. டெவலப்பரைச் சம அளவு நீர் கலந்து பயன்படுத்தினால் 20 டிகிரிக்கான நேரமே 13 நிமிடமாகிறது. அதன்பின், ஐஸ் போட்ட பேசினில் புட்டிகளை நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 9 நிமிடம் வரும். அது பாதுகாப்பான நேரம். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவும் அலசும் தண்ணீரும் அதே சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 24 டிகிரியில் கழுவிய ஃபிலிமைக் கொதிக்கும் குழாய்க்கு நேராகப் பிடித்தால் ஜெலட்டின் பூச்சு ஊதி மென்மையாகி, நகம் பட்ட இடமெல்லாம் கீறலாகிவிடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு நெகடிவில் வெள்ளைப் பொட்டுகளாகக் காயும் என்பதால், கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளலாம்.

வண்ண ஃபிலிமுக்கான சி-41 முறையின் டெவலப்பர் 37.8 டிகிரியில் இருக்க வேண்டும். நம் ஊரில் அதற்குச் சூடேற்றும் வேலை குறைவுதானே என்று தோன்றும். சூடேற்றுவது எளிது, மூன்றேகால் நிமிடமும் அரை டிகிரி கூட நகராமல் வைத்திருப்பதுதான் கடினம். தவறினால் நிறம் சாயும், அதைப் பிறகு திருத்துவது பெரும்பாடு. ஆகவே பெரும்பாலானவர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் அனுப்புகிறார்கள். எடுத்து முடித்த வண்ண ரோலைச் சூட்டில் நாள்கணக்கில் வைத்தால் நிறம் மாறும். அதனால் கோடையில் பைக்கின் டிக்கியில் ரோலைப் போட்டு வைப்பதும், வாரக் கடைசியில் கூரியர் கிடங்கில் தங்கும்படி அனுப்புவதும் கூடாது. திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புவது நல்லது.

வீட்டில் கழுவ இடமில்லாத, ஆனால் கறுப்பு வெள்ளை வேண்டும் என்கிற மாணவருக்கு எக்ஸ்.பி.2 சூப்பர் பொருந்தும். வண்ண ரோல்களோடு சேர்த்து ஒரே கூரியரில் அனுப்பிவிடலாம். 400 ஸ்பீடு என்றாலும், ஒரே ரோலில் ஒரு படத்தை 100-ஆகவும் அடுத்ததை 400-ஆகவும் எடுத்துவிட்டுக் கழுவும் நேரத்தை மாற்றாமலே விடலாம். ஒளி கூடக் கூட அதில் கிரெயின் குறையும் என்பது மதுரை வெயிலுக்கென்றே அமைந்த குணம். ஸ்கேன் செய்யும்போது தூசியை அகச்சிவப்பு ஒளியால் நீக்கும் வசதி வெள்ளி தங்கும் எச்.பி.5-இல் வேலை செய்யாது, சாயமாக மாறும் எக்ஸ்.பி.2-இல் வேலை செய்யும். புழுதி பறக்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல. அதன் குறை இரவில் தெரிகிறது: 800-க்கு மேல் அதைத் தள்ளுவதில் பயனில்லை. பூச்சந்தைக்குப் போகிறவர் எச்.பி.5-ஐயே எடுத்துக்கொள்ள வேண்டும், கழுவ ஒரு நண்பரையும் தேடிக்கொள்ள வேண்டும்.