வரலாற்று வகுப்பில் கலை: படத்தைப் பார்ப்பதா, வழக்கை நடிப்பதா?

வரலாறு, ஆட்சிமுறை, வாதத்திறன் ஆகியவற்றைக் கலைவழியே கற்பிக்க விரும்பும் ஆசிரியர் முன் இரண்டு வழிகள் உள்ளன: ஒரு படத்தைக் கூர்ந்து ஆராயச் செய்வது, அல்லது மாணவர்களைப் பாத்திரமேற்று நடிக்கச் செய்வது. பாடலும் உண்டு, ஆனால் அது நினைவில் நிறுத்த உதவும் அளவுக்கு ஆராயத் தூண்டுவதில்லை.

இரண்டையும் ஒரே நிகழ்வில் வைத்துப் பார்க்கலாம். 1770 மார்ச் 5 அன்று, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த அமெரிக்க நகரமான பாஸ்டனில், பிரிட்டிஷ் படைவீரர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐவர் இறந்தனர். சில வாரங்களில், பிரிட்டிஷாரை எதிர்த்த பாஸ்டன் கைவினைஞர் பால் ரெவியர் வெளியிட்ட செதுக்கோவியத்தில் வீரர்கள் ஒழுங்காக வரிசையில் நிற்க, அதிகாரி வாளை உயர்த்தி ஆணையிடுகிறார். பின்னுள்ள கட்டடத்திலோ 'கசாப்புக்காரர் கூடம்' என்று எழுதப்பட்டிருக்கிறது. தள்ளுமுள்ளும் குழப்பமுமாக நடந்த ஒன்றைத் திட்டமிட்ட கொலையாகக் காட்டும் இப்படம், சான்றாக எவ்வளவு பலவீனமானதோ, பரப்புரையாக அவ்வளவு வலிமையானது. யார், யாருக்காக, எதை விட்டுவிட்டு வரைந்தார் என்று கேட்கத் தொடங்கும் மாணவர், வரலாற்றாய்வின் அடிப்படையை அங்கேயே கற்றுவிடுகிறார்.

நாடகத்துக்கு அந்நிகழ்வின் வழக்கு விசாரணை பொருந்தும். பிரிட்டிஷாருக்காக வாதாடியவர், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். அதிகாரி பிரஸ்டன் விடுதலையானார். தனியே விசாரிக்கப்பட்ட எட்டு வீரர்களில் இருவர் மட்டுமே கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டனர். நடுவர் குழு, எதிர்த்தரப்புக்கும் வழக்கறிஞர் என்னும் நடைமுறைகளின் தேவையைப் பாடநூலின் எந்தப் பத்தியையும்விட இவ்விசாரணை தெளிவாக உணர்த்தும். ஆட்சிமுறைக்கு நாடகமே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குரல்வளம் உள்ளவர் வென்றுவிடுவதும், இன்றைய மனநிலையை அன்றைய மனிதர்மேல் ஏற்றிவிடுவதும் இதன் உண்மையான ஆபத்துகள். கூச்சமுள்ள மாணவர் பார்வையாளராகவே தங்கிவிடுவார் என்பதும் சிறிய குறையன்று.

ஒரு வகுப்பு வேளைதான் கிடைக்குமெனில் படத்தையே தேர்வேன். அதை ஆராயாமல் விசாரணைக்குத் தாவினால் அது வெறும் பேச்சுப்போட்டியாகிவிடும். கூடுதல் வேளை கிடைத்தால், ஓவியத்தையே அரசுத் தரப்புச் சான்றாக வைத்து விசாரணையை நடத்தலாம். அப்போது தரப்புகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதும், நடிப்புக்கன்றி எதிர்த்தரப்பின் வலுவான சான்றை ஒருவர் எதிர்கொண்ட விதத்துக்கே மதிப்பெண் வழங்குவதும் நல்லது.