தலைக்கடியில் மூன்று புத்தகம்: இரண்டரை வருட அனுபவம்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். தினமும் எட்டு மணி நேரம் லேப்டாப். இடது கழுத்தில் ஆரம்பித்துத் தோள்பட்டை வரை பிடித்துக்கொள்ளும்; தைலம் தேய்க்காமல் தூக்கம் வராது. அப்படியொரு கட்டத்தில்தான் அலெக்சாண்டர் டெக்னிக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். நிற்பது, உட்காருவது, குனிவது போன்ற அன்றாட அசைவுகளில் நம்மை அறியாமல் உடம்பை இறுக்கும் பழக்கத்தைக் கவனித்து விடப் பழக்கும் முறை அது.

அதற்கு முன் முதுகை நிமிர்த்தும் பட்டை ஒன்று வாங்கிப் பார்த்தேன். கட்டியிருக்கும்வரை போலீஸ்காரர் மாதிரி நின்றேன். அவிழ்த்த பத்தாவது நிமிடம் பழைய கூன். அக்குள் அறுபட்டதுதான் மிச்சம். இப்போது பரண்மேல் கிடக்கிறது.

இந்த முறையை உருவாக்கிய எஃப். எம். அலெக்சாண்டர் 1869இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் கவிதையும் நாடக வசனமும் சொல்லிப் பிழைத்தவருக்குக் குரல் கம்மிப்போனது. கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். வாயைத் திறந்ததுமே தலை பின்னால் சாய்கிறது, கழுத்து இறுகுகிறது. சரிசெய்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி பார்த்தால் அதே கோணல்.

எனக்கும் முதல் வகுப்பிலேயே இது நடந்தது. வீடியோ காலில் டீச்சர் "நேராக நில்லுங்கள்" என்றார். நின்றேன். பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். நெஞ்சு முன்னால் துருத்தி, கீழ்முதுகு வளைந்து, மொத்த உடம்பும் பின்னால் சரிந்திருந்தது. அவர் சொன்னபடி மாற்றி நின்றபோது முகங்குப்புற விழப்போகிறேன் என்றே தோன்றியது. அப்போது எடுத்த போட்டோவில்தான் நேராக இருந்தேன்! பழகிய கோணல்தான் உடம்புக்கு நேர் என்று படுகிறது. வெறுமனே 'நிமிர்ந்து உட்கார்' என்று சொல்வது ஏன் பலிப்பதில்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்னொன்று, தலை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வி. நான் பிடரியைக் காட்டினேன். உண்மையில் இரண்டு காதுக்கும் நடுவே, உள்ளே இருக்கிறது அந்த மூட்டு. ஏறக்குறைய ஐந்து கிலோ தலை அங்கேதான் நிற்கிறது. கீழே படிக்கும்போது கழுத்தையே மடக்காமல் அங்கிருந்து லேசாகத் தலையாட்டினால் போதும். வேறெதையும்விட எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

கேஸ் சிலிண்டர் நகர்த்துவதும் மாறியது. நிரம்பியது கிட்டத்தட்ட முப்பது கிலோ வரும். முன்பெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழு. ஒருமுறை முதுகு பிடித்து நான்கு நாள் படுக்கை. இப்போது கை வைப்பதற்கு முன் ஒரு நொடி நிற்கிறேன். தொடை சேரும் மூட்டிலும் முழங்காலிலும் மடங்கிக் குனிகிறேன்.

குறைகளும் உண்டு. பலன் மெதுவாகத்தான் வரும். டீச்சர்கள் குறைவு, கட்டணம் அதிகம். ஆன்லைனில் அவர்கள் தொட்டுக் காட்ட முடியாது. பாதிப் பாடம் அங்கேயே போய்விடுகிறது. சகல வியாதிக்கும் இதுதான் மருந்து என்பவர்களை நம்பவேண்டாம். முதுகுவலிக்கு ஆதாரம் இருக்கிறது: 579 பேரை வைத்துச் செய்த பிரிட்டிஷ் ஆய்வு 2008இல் வெளியானது. 24 பாடம் எடுத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்து நான்கு வாரத்தில் மூன்று நாள் வலி. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 21 நாள். நான் 14 பாடத்தோடு நிறுத்தினேன், பணம்தான் காரணம். கை மரத்துப்போனால் இதெல்லாம் வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். அப்புறம், நடுவில் தனி கீபோர்டு வாங்கி லேப்டாப்பை உயர்த்தி வைத்தேன். கழுத்துவலி மாதம் இரண்டு மூன்று நாளாகக் குறைந்ததில் பாதிப் புகழ் அதற்குத்தான்.

விடாமல் செய்வது ஒன்றே: மதியம் பதினைந்து நிமிடம் பாயில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, பாதம் தரையில் பட, தலைக்குப் புத்தகம் வைத்துப் படுப்பது. உயரம் குறைந்தால் தாடை மேலே தூக்கும், கூடினால் தொண்டை நெருக்கும். எனக்கு மூன்று புத்தகம் சரியாக இருக்கிறது. பகலெல்லாம் அழுந்திய முதுகெலும்புத் தட்டுகள் படுக்கும்போதுதான் நீரை மறுபடி உறிஞ்சிக்கொள்கின்றன. "பட்டப்பகல்ல என்னடா படுக்கை?" என்று அம்மா முதல் மாதம் முழுக்கத் திட்டினார். போன வாரம் மூன்றாவது புத்தகத்தைக் காணாமல் வீடெல்லாம் தேடினேன். கூடத்தில், அம்மா தலைக்கடியில் இருந்தது.