கிணற்றில் மழையை விட்டு 20 வருடம்: ஒரு திருவான்மியூர் வீட்டின் அனுபவம்

சென்னை திருவான்மியூருக்கு நான் மருமகளாக வந்தது 1989இல். அப்போது எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டுப் பின்பக்கமும் ஓர் உறைகிணறு இருந்தது. இன்றைக்கு எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் மிச்சம். அதில் ஒன்று எங்களுடையது. மொட்டைமாடி மழைத் தண்ணீரை அந்தக் கிணற்றில் விட ஆரம்பித்து 20 வருடம் தாண்டிவிட்டது. புதிதாக வீடு கட்டுகிற பிள்ளைகள், "நிஜமாவே இதுல பிரயோஜனம் இருக்கா, இல்ல சட்டத்துக்காக வைக்கறதா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. எங்களுக்கு அது இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்த பிறகுதான் கிடைத்தது.

முதல் தடவை 2003. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று தமிழக அரசு சட்டம் கொண்டுவந்த வருடம். ஊரே பிளம்பரைத் தேடி ஓடியது. எங்களுக்குக் கிடைத்தவர் கேட்டுக்குப் பக்கத்தில் மூன்றடிக்கு ஒரு குழி வெட்டி, உடைந்த செங்கல்லைக் கொட்டி, மாடிக் குழாயைத் திருப்பிவிட்டு ஒரே மத்தியானத்தில் வேலையை முடித்துவிட்டார். பார்க்க வந்தவரும் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு மழைக்காலத்தில் சேறு அடைத்துக்கொண்டது. 2005 ஐப்பசியில் பேய்மழை கொட்டியபோது எங்கள் மாடித் தண்ணீர் அத்தனையும் தெருவில் ஓடிக் கடலுக்குப் போனது. அதற்கு முந்தின இரண்டு கோடையிலும் லாரிக்குக் குடம் வரிசை போட்டுவிட்டு விடிகாலையில் உட்கார்ந்திருந்தவள் நான். ஜன்னலில் நின்று அந்தத் தண்ணீரைப் பார்க்க வயிறு எரிந்தது.

மறு மாதமே ஒரு வயதான கொத்தனாரைக் கூப்பிட்டோம். கிணற்றிலேயே விட்டுவிடலாம் என்றார். கிணற்றுக்கு இரண்டடி தள்ளி மூன்றடிச் சதுரத்தில் ஒரு தொட்டி கட்டினார். நடுவில் ஒரு தடுப்புச் சுவர். முதல் பாதியில் தண்ணீர் விழுந்து, இலையும் மண்ணும் அடியில் தங்கும். அடுத்த பாதியில் கீழே கருங்கல் ஜல்லி, அதன்மேல் சின்ன ஜல்லி, ஒரு நைலான் வலை, அதற்கு மேலே பருமணல். வடிகிற தண்ணீர் நாலு அங்குலக் குழாய் வழியாகக் கிணற்றுக்குப் போகும். குழாயைக் கிணற்றுக்குள் நீட்டி, முனையைக் கீழ்ப்பக்கம் வளைத்து, தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டார். மேலேயிருந்து தொப்பென்று விழுந்தால் அடிச்சேறு கலங்கிவிடும் என்றார். அந்த வளைவை நிறைய வீடுகளில் வைப்பதில்லை. கொத்தனாரிடம் கேட்டு வாங்குங்கள்.

கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மாடி ஆயிரம் சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். சென்னையில் வருடத்துக்குச் சுமாராக 1,300, 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. சிந்தியது, ஆவியானது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் நிற்கும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடு.

ஆனால் இது எங்கள் மண்ணுக்கு. திருவான்மியூர் கடலோர மணல், விட்டதையெல்லாம் குடித்துக்கொள்ளும். அண்ணா நகரில் இருக்கும் என் தங்கை வீட்டில் களிமண். அங்கே வெறும் குழி வெட்டினால் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும். களியைத் தாண்டித் துளை போட்டு இறக்கினால்தான் உள்ளே போகும். பரங்கிமலைப் பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடும். பக்கத்து வீட்டில் செய்ததைப் பார்த்துச் செய்யலாம், அடுத்த பேட்டையில் செய்ததைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

பலன் முதல் வருடமே தெரியவில்லை. இரண்டாவது தையில், கிணற்றுத் தண்ணீரில் வைத்த துவரம்பருப்பு குழைய வெந்தது. அதுவரை அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவே வேகாது, சோப்பு நுரைக்காது, வாயில் வைத்தால் கரிக்கும். மாமியார் கரண்டியால் பருப்பை எடுத்து எனக்குக் காட்டினார்.

பராமரிப்புதான் இதில் முக்கால்வாசி. புரட்டாசி பிறந்ததும் மாடியைக் கூட்டிக் கழுவ வேண்டும். எங்கள் வீட்டுமேல் வேப்பமரம் கவிந்திருக்கிறது, புறாவும் உண்டு. தொட்டியின் மேல்மணலை அள்ளி, அலசி, காயவைத்துத் திரும்பப் போடுவோம். சீசனின் முதல் இரண்டு மூன்று மழையைக் கிணற்றுக்கு விடுவதே இல்லை. குழாயின் அடியில் ஒரு மூடி இருக்கிறது, அதைத் திருகி எடுத்தால் அழுக்குத் தண்ணீர் செடிகளுக்குப் போய்விடும். 2010இல் வீட்டில் ஒரு கல்யாணம். அந்த வேலையில் மாடியை மறந்துவிட்டோம். வேப்பிலை குழாய் வாயை அடைத்து, மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கி, படுக்கையறைக் கூரை முழுக்க ஓதம். பூசி, பெயின்ட் அடிக்க 18,000 ரூபாய். மழைநீர் சேகரிப்பால் வீடு ஒழுகுகிறது என்று சொல்கிறவர்கள் முதலில் அந்த வாயை எட்டிப் பார்க்கட்டும்.

கொசுவுக்குக் கிணற்றின்மேல் நைலான் வலை, உள்ளே கப்பி மீன். இதுவரை தொந்தரவு இல்லை. குடிப்பதற்கு மட்டும் கொதிக்கவைத்துத்தான் எடுக்கிறோம்.

தூர் வாருவது பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்தாறு வருடத்துக்கு ஒரு தடவை வாருவோம். 2017இல் இறங்கியவர் பதினைந்தடியில் திடீரெனப் பேச்சை நிறுத்திவிட்டார். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் இழுத்துப் போட்டோம், பிழைத்தார். இறங்குவதற்கு முன் மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்த்திருந்தோம், அது அணையவில்லை. வத்தி அணைந்தால் பிராணவாயு இல்லை என்று தெரியும். அணையாவிட்டால் விஷவாயு இல்லை என்று ஆகிவிடாது. அன்றிலிருந்து காற்றடிக்கும் ப்ளோயர் இல்லாமல், மேலே இரண்டு பேர் கயிறு பிடிக்காமல் யாரையும் இறங்க விடுவதில்லை. கூலியோடு ப்ளோயர் வாடகையும் சேர்த்து நாம்தான் கொடுக்க வேண்டும்.

2015. நவம்பரில் மட்டுமே நகரத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, அப்புறம் டிசம்பர் முதல் நாள். எங்கள் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வாசலைவிடத் தெரு ஒன்றரை அடி ஏறிப்போயிருந்தது. சாக்கடையோடு கலந்த வெள்ளம் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கிணற்றில் இறங்கியது. மூன்று தடவை இறைத்துக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு மாதம் கழித்துத்தான் குளிக்கவே பயன்படுத்தினோம். பத்து வருடம் சேர்த்த நல்ல தண்ணீர். ரோடு போடும்போது சுரண்டுங்கள் என்று அதற்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். இன்றைக்கும் எங்கே மனு கொடுத்தாலும் என் முதல் கோரிக்கை அதுதான்.

நிஜமான பரீட்சை 2019. முந்தின வருட வடகிழக்குப் பருவமழை பொய்த்து, புழல் ஏரி வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து வில்லிவாக்கத்தில் இறங்கியது. எங்கள் 28 அடிக் கிணற்றில் இரண்டடித் தண்ணீர் நின்றது. மோட்டார் போட்டால் காற்றுதான் இழுக்கும். அதனால் வாளியும் கயிறும். காலையில் வற்ற இறைத்தால் சாயங்காலத்துக்குள் மறுபடி ஊறிவிடும். மூன்று வீட்டுக்காரர்கள் வந்து ஆளுக்கு ஆறு குடம் எடுத்துப் போனார்கள். ஒரு நாளும் இல்லை என்று சொல்லவில்லை.

பக்கத்து அடுக்குமாடியில் போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பை அமுக்கிப் பிடித்திருக்கும். மேலே ஓரடியை உறிஞ்சினால் கீழே 40 அடி உப்பு ஏறும். ஆழமாகப் போட்டால் நிறைய வரும் என்று நூறு, நூற்றைம்பது அடி இறக்குகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு இறக்க வேண்டும். எங்கள் கிணற்றிலும் அந்த மே மாதம் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,700 காட்டியது. அடுத்த தையில் 550.

நாங்கள் விடுகிற தண்ணீர் எங்கள் கிணற்றில் மட்டுமா நிற்கப்போகிறது? மணலுக்குக் காம்பவுண்டு சுவர் தெரியாது. நாங்கள் விட, பக்கத்து போர் இழுக்கிறது. இது தெரிந்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. விடாமல் இருந்தால் அந்த இடத்துக்குக் கடல் வரும் என்பதால் தொடர்ந்து விடுகிறோம். வீட்டைச் சுற்றி ஓர் அங்குலம் விடாமல் சிமென்ட் கல் பதிக்கிறார்களே, அதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சுவரை ஒட்டி இரண்டடி மண்ணாவது விடுங்கள்.

எங்கள் கிணற்றுக் கயிற்றில் துணி முடிச்சுகள் இருக்கும். வருடா வருடம் சித்திரை முதல் நாள் தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறதோ அங்கே மாமியார் பழைய புடவைக் கிழிசலை முடிந்துவைப்பார். கயிறு மாற்றினாலும் முடிச்சுகளை அளந்து புதுக் கயிற்றுக்கு மாற்றுவார். 2019க்கு ஒரு நீலத் துணி, எல்லாவற்றுக்கும் கீழே தனியாகத் தொங்கும். அவர் 2021இல் போய்விட்டார். இப்போது நான் முடிகிறேன்.

போன புரட்டாசியில் எதிர்வீட்டை இடித்துக் கட்டப்போகிற பிள்ளையும் அவன் மனைவியும் வந்தார்கள். "ஆன்ட்டி, கார் நிறுத்த இடம் போதல, கிணத்த மூடிடலாம்னு பில்டர் சொல்றார்" என்றாள் அந்தப் பெண். இரண்டு பேரையும் பின்பக்கம் கூட்டிப்போய் வாளியை அவளிடமே கொடுத்தேன். இறைத்தாள். கயிற்றைக் கையில் பிடித்து ஒவ்வொரு முடிச்சையும் எந்த வருடம் என்று கேட்டாள். நீலத் துணியில் கொஞ்ச நேரம் நின்றாள்.

கார் நிறுத்தும் இடத்தை நாலடி தள்ளிவிட்டார்கள். போன வாரம் அஸ்திவார வேலை நடக்கும்போது எட்டிப் பார்த்தேன். கிணற்றின்மேல் பலகை போட்டு மூடிவைத்திருந்தார்கள். பலகையை நகர்த்தச் சொல்லி, எங்கள் கயிற்றை விட்டு அளந்தேன். 13 அடியில் தண்ணீர்.