நங்கநல்லூர் ஃபிளாட்டை வாடகைக்குத் தயார் செய்த அனுபவம்

இந்த முறை டிசம்பர் லீவில் சென்னை போனது முக்கியமாக ஒரு வேலைக்காக. அம்மா கோவையில் தங்கையோடு இருக்கப் போய்விட்டதால் நங்கநல்லூரில் இருக்கும் எங்கள் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் மழைக்காலம் முழுக்கப் பூட்டியே கிடந்தது. அதைத் தட்டித் தயார் செய்து ஒரு நல்ல குடும்பத்துக்கு விட்டுவிட்டு வர வேண்டும். லீவில் வந்து இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் எதில் காசு போட்டால் பலன் வருகிறது, எது வெறும் செலவு என்று எழுதுகிறேன்.

நாங்கள் இருக்கும் நியூஜெர்சியில் வீட்டை விற்பதற்கு முன்னால் 'ஸ்டேஜிங்', அதாவது பார்க்க வருகிறவர்களுக்குப் பிடிக்கும்படி வீட்டை ஜோடித்து வைப்பது, சாதாரண விஷயம். 1970களில் சியாட்டில் பக்கம் பார்ப் ஸ்வார்ட்ஸ் என்ற பெண்மணி ஆரம்பித்து வைத்ததாகச் சொல்வார்கள், இன்று அதுவே தனித் தொழில். எடிசன் என்ற ஊரில் ஒரு தோழி வீடு விற்றபோது ஏஜென்ட் வந்து, குடும்பப் போட்டோக்களைக் கழற்றுங்கள், சாமி அலமாரியை மூடுங்கள், ஆட்கள் பார்க்க வரும் நாளில் தயவுசெய்து எதையும் தாளிக்காதீர்கள் என்றெல்லாம் பட்டியல் போட்டார். வாடகை சோஃபா, வாடகைச் செடி, வாடகை ஓவியம் எல்லாம் வந்து இறங்கின. வீடு சீக்கிரம் போனது உண்மை.

நம் ஊரில் இது இல்லை என்று சொல்ல முடியாது. ஓ.எம்.ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் எந்த பில்டரின் மாடல் ஃபிளாட்டுக்குள்ளும் போய்ப் பாருங்கள். பெட்ரூமுக்குக் கதவே இருக்காது, கட்டில் வழக்கத்தைவிட ஒரு சுற்று சின்னதாக இருக்கும், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, ஏசி குளிர், மஞ்சள் வெளிச்சம். இதில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்தவர்கள் நம் சொந்தக்காரர்களிலேயே இருப்பார்கள். கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப் பரப்பை, கணக்காகச் சொல்ல வேண்டும் என்று 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரேரா) வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் டேப் எடுத்துக்கொண்டு போவது நல்லது. அது புது வீட்டுச் சமாசாரம். பழைய ஃபிளாட்டுக்கு அந்த ஜிகினா வேலை செய்யாது.

முதல் வேலை காலி செய்வது. இது தெரிந்த கதைதான் என்றாலும் பரணைத் திறந்தபோது மலைத்துப்போனேன். கொலுப்படி, ஊறுகாய் ஜாடிகள், இருந்த இடம் தெரியாமல் போன டி.வி.யின் அட்டைப்பெட்டி, கல்யாணச் சீர்வரிசை எவர்சில்வர். அம்மா போனில், "எதையும் தூக்கிப் போட்டுடாதே, எல்லாம் நல்ல சாமான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பாதி கோவைக்கு லாரியில் போனது, பாதி பாத்திரக்கடைக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போனது. அந்தப் பெரிய தேக்குக் கட்டிலையும் சோஃபாவையும் விட்டு வைத்தால் கூடுதல் வாடகை கேட்கலாமே என்று சித்தப்பா சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் ஐ.டி பசங்களுக்கு விடுவதாக இருந்தால் ஃபுல்லி ஃபர்னிஷ்டுக்கு மவுசு உண்டு. நங்கநல்லூருக்கு வருவது குடும்பங்கள், அவர்களிடம் ஏற்கனவே கட்டில், பீரோ, வாஷிங்மெஷின் எல்லாம் இருக்கிறது, அவர்கள் பார்ப்பது தங்கள் பீரோ எந்தச் சுவரில் நிற்கும் என்பதைத்தான். ஃபேன், லைட், கீசர், கிச்சன் ஷெல்ஃப், ஜன்னலுக்குக் கொசுவலை, இவ்வளவு இருந்தால் செமி ஃபர்னிஷ்டு என்று போட்டுக்கொள்ளலாம். கொசுவலை மட்டும் மறக்கவே கூடாது, வந்தவர்களில் ஒருவர் பாக்கி இல்லாமல் ஜன்னலுக்குப் போய் அதை இழுத்துப் பார்த்தார்கள்.

அடுத்தது பெயிண்ட். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில் உப்புப் பூத்து, பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் வந்த ஆள் இரண்டே நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். இரண்டாவதாக வந்த பெயிண்டர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், செவுரு ஊறியிருக்கு. இப்ப அடிச்சா பொங்கலுக்குள்ள உப்பிக்கும். முதல்ல ப்ளம்பரைக் கூப்பிடுங்க" என்றார். வேலையைத் தள்ளிப் போடச் சொல்லும் ஆளை எனக்கு உடனே பிடித்துவிட்டது. டைல்ஸ் இடுக்குகளில் சிமெண்ட் போய், குளிக்கிற தண்ணீர் அதன் வழியே சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதை அடைத்து, ஜன்னலைத் திறந்து போட்டு, ஃபேனை ஓடவிட்டுச் சுவரைக் காயவைத்தோம். மற்ற அறைகளை முடித்துவிட்டுக் கடைசியில்தான் அந்தச் சுவருக்கு வந்தார். டிசம்பரில் வருகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், வந்து இறங்கியதும் செய்ய வேண்டியது ஒழுகலைக் கண்டுபிடிப்பது, பெயிண்ட் கேட்லாக்கைப் புரட்டுவது அப்புறம். நிறம் வெளிர் கிரீம். அமெரிக்க சாம்பல் நிறத்தைக் காட்டியபோது எதிர் வீட்டு மாமி, "ஏண்டி, இது கரி படிஞ்ச மாதிரின்னா இருக்கு" என்றார், சரி என்று விட்டுவிட்டேன்.

பாத்ரூமுக்கும் கிச்சனுக்கும் மொபைல் ஆப்பில் டீப் கிளீனிங் புக் செய்தேன். நேரத்துக்கு வந்தார்கள், கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேனில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாக எடுத்தார்கள், அதற்குக் கொடுத்த காசு தகும். ஆனால் போர் தண்ணீர் விட்ட வெள்ளைக் கறையை எடுக்கிறேன் என்று ஆசிட்டைக் குழாய்மீதே ஊற்றிவிட்டார் ஒருவர், பளபளப்பு போய்க் கறுத்துவிட்டது. புகார் கொடுத்தால் அடுத்த முறைக்குத் தள்ளுபடி கூப்பன் தருகிறார்கள், நான் அடுத்த முறை எப்போது வருவேன்? கறை படிந்த குழாய், ஷவரை எல்லாம் தேய்ப்பதைவிட மாற்றிவிடுவதே மேல். வீடு பார்க்க வருகிறவர்கள் ஹாலில் ஒரு நிமிஷம்தான் நிற்கிறார்கள், பாத்ரூமில் குழாயைத் திருகி, ஃப்ளஷ் அழுத்தி, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். கேட்கிற முதல் கேள்வியும் தண்ணீர்தான், மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் தண்ணீர் உப்பா, மோட்டார் எப்போது போடுவார்கள். சங்கத்திடம் பேசி சம்ப்பையும் மாடித் தொட்டியையும் கழுவ வைத்ததில் என் பங்கு ஒரு சின்னத் தொகை. ஹாலில் வாடகை ஓவியம் மாட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு உபயோகம்.

போட்டோவைக் காலை பத்து மணி வெயிலில், எல்லா லைட்டையும் போட்டு, அறையின் மூலையிலிருந்து எடுத்தேன். இணையத்தில் விளம்பரம் போட்டதும் போன் ஓயவில்லை. அதில் பாதி, குடியிருக்க வருபவர்கள்போலப் பேசி ஆரம்பித்துக் கடைசியில் ஒரு மாத வாடகை கமிஷன் கேட்கும் தரகர்கள். போன் செய்தவர்கள் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்டதையும் சொல்ல வேண்டும், சமையலறை எந்தத் திசை, வாசல் எந்தத் திசை. அதனால் போட்டோவுக்குக் கீழேயே கிழக்குப் பார்த்த வாசல் என்று எழுதிப் போட்டேன், அப்புறம் அந்தக் கேள்வி குறைந்தது.

இன்னொன்று மார்கழி. கிறிஸ்துமஸ் லீவில் வருகிற நம்மைப்போன்றவர்களுக்கு இது பெரிய தடை, பிடித்தாலும் யாரும் அந்த மாதத்தில் பால் காய்ச்ச மாட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் "தையில சொல்றோம்" என்றார்கள். முதலில் எரிச்சலாக இருந்தாலும் யோசித்தால் இது வசதிதான், மார்கழியில் வேலையை முடித்து, வீட்டைக் காட்டி, பேச்சை முடித்து வைத்தால் பொங்கல் கழிந்ததும் குடிவந்துவிடுகிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் அமைந்தது. இதே வளாகத்தில் பெயிண்ட் அடிக்காமல் விட்ட, அதே அளவு வீடு 22,000-க்குப் போயிருக்கிறது, எங்களுடையது 25,000. கார் பார்க்கிங்கும் அதில் ஒரு காரணம்தான், எல்லாவற்றையும் பெயிண்ட் கணக்கில் எழுத மாட்டேன்.

அட்வான்ஸ் விஷயத்தில் சென்னையின் பழைய பத்து மாத வழக்கத்தை இன்னும் சிலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் என்கிறது, ஒப்பந்தத்தைப் பதியவும் வேண்டும். நான் மூன்று மாதமே கேட்டேன், நல்ல குடும்பம் கிடைக்க அதுவும் உதவியது. ஃபிளாட் அம்மா பெயரில் இருப்பதால் வரிச் சிக்கல் இல்லை. உங்கள் பெயரில் இருந்து நீங்கள் வெளிநாட்டில் வசித்தால், குடியிருப்பவர் வாடகையில் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் ஓடிவிடும் ஆட்கள் உண்டு, அதனால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

விற்பதாக இருந்தால் கதை வேறு. இங்கே வாங்குகிறவர் ஹாலைப் பார்த்துவிட்டு அடுத்ததாகக் கேட்பது ஃபைலை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி ரசீது, ஈ.பி. கார்டு எல்லாம் ஒரே பெயரில், வரிசையாக இருந்தால் பேங்க் வக்கீல் கையெழுத்துப் போடுவார், இல்லாவிட்டால் பளிங்குத் தரை போட்டும் பிரயோஜனமில்லை. இரண்டாவது மாடியில் ஒருவர் இன்டீரியருக்கே பல லட்சம் போட்டுவிட்டு, மின் இணைப்பு இன்னும் பழைய ஓனர் பெயரில் இருப்பதால் அலைந்துகொண்டிருக்கிறார். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் நீண்டகால லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி 12.5 சதவீதம், செஸ் தனி. இந்த வரியை வாங்குகிறவரே விலையில் பிடித்துக் கட்ட வேண்டும், குறைவாகப் பிடித்தால் போதும் என்ற வருமான வரித்துறைச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்காவிட்டால், லாபத்துக்குப் பதிலாக மொத்த விலையிலும் பிடித்துவிடுவார்கள், பிறகு ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்குவதற்குள் ஒரு வருஷம் போய்விடும். ஆடிட்டரை டிக்கெட் போடும்போதே பிடித்துவிடுங்கள், ஊருக்கு வந்து இறங்கிய பிறகு தேடினால் லீவு முடிவதற்குள் அந்தச் சான்றிதழ் கைக்கு வராது.