ஒரே பிக்கப்பில் மூன்று டார்க் கன்வெர்ட்டர்கள்: டெல்டாச் சாலைகளில் 92,000 கிலோமீட்டர்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பத்து ஏக்கர் நஞ்சை, ஒரு விதைநெல் கடை, 2020-இல் வாங்கிய டீசல் பிக்கப் ஒன்று. ஆறு கியர் ஆட்டோமேட்டிக். இந்த வண்டியில் இதுவரை மூன்று டார்க் கன்வெர்ட்டர்கள், அதாவது இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகங்கள், ஓடியிருக்கின்றன: கம்பெனி கொடுத்தது, நான் ஆசைப்பட்டுப் போட்டது, இப்போது இருப்பது. மூன்றையும் ஒரே சாலையில், ஒரே சுமையோடு ஓட்டிப் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

எனக்கு இழுவை உள்ள வண்டி பிடிக்கும். அதிகாலையில் தஞ்சாவூர்–திருச்சி நான்கு வழிச் சாலையில் மிதித்தால் வண்டி சீறிப் பாய வேண்டும். அதற்காக வாங்கிய மறு வருடமே இன்ஜினின் கணினியில் அளவுகளை மாற்றி, 350 நியூட்டன் மீட்டராக இருந்த முறுக்குவிசையை 430 வரை ஏற்றினேன். இன்ஜின் அதைத் தாங்கியது. பின்னால் இருக்கும் கன்வெர்ட்டர் தாங்குமா என்று நான் கேட்கவே இல்லை.

31,000 கிலோமீட்டரில் அது பேசியது. திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் வழியில், ஐந்தாவது கியரில் எழுபது எழுபத்தைந்து வேகத்தில், வரிவரியாகப் போட்ட வேகத்தடையின் மேல் ஓடுவது போல வண்டி அதிர்ந்தது. டயர் என்று நினைத்து இறங்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுபடி அதிர்ந்தபோது, ஆக்சிலேட்டரிலிருந்து வலது காலை எடுக்காமலே இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டேன். அதிர்வு சட்டென நின்றது. காலை எடுத்ததும் சில நொடிகளில் திரும்ப வந்தது. பிரேக் விளக்கு எரிந்தவுடன், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டிப் பிடிக்கும், கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் விடுபட்டுவிடும். ஆகவே வழுக்குவது அந்தக் கிளட்ச்தான். உங்கள் வண்டியிலும் இப்படி அதிர்வு வந்தால், பின்னால் வண்டி வராத நேரத்தில் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

கன்வெர்ட்டருக்குள் நடப்பதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். இன்ஜினோடு சுற்றும் பம்ப் எண்ணெயை வீசுகிறது. எதிரே இருக்கும் டர்பைன் அந்த வீச்சில் சுழன்று கியர்பாக்ஸைத் திருப்புகிறது. திரும்பி வரும் எண்ணெய் பம்பை எதிர்த்து மோதாமல், அது சுற்றும் திசைக்கே மடக்கிவிடுவது நடுவில் உள்ள ஸ்டேட்டர். ஆற்றில் கொரம்பு போட்டுத் தண்ணீரைத் தலைமதகுப் பக்கம் திருப்புவோமே, அதே வேலை. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காவது இதனால்தான். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905-இல் கப்பல்களுக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். எண்ணெய் வழியாகவே இழுக்கும்வரை ஒரு பங்கு ஆற்றல் சூடாக வீணாகிக்கொண்டே இருக்கும். லாக்-அப் பூட்டிய பிறகுதான் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே தண்டு போலச் சுற்றும்.

முதலில் கியர் ஆயிலை மட்டும் மாற்றினேன். வடித்த ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டால் சிவப்பாகப் பரவ வேண்டியது, டீ டிகாஷன் நிறத்தில் கருகிய வாடையோடு பரவியது. மூன்று மாதம் நிம்மதி. பிறகு அதிர்வு திரும்பிவிட்டது. லாக்-அப் கிளட்சின் லைனிங், அதாவது உரசிப் பிடிக்கும் மேற்பூச்சு, ஏற்கெனவே தீய்ந்துவிட்டிருந்தது.

இங்கேதான் தவறான தேர்வைச் செய்தேன். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் ‘ஹை ஸ்டால்’ கன்வெர்ட்டர் போடச் சொன்னார்கள். வண்டியைக் கியரில் போட்டு, பிரேக்கில் நிறுத்தி வைத்து, ஆக்சிலேட்டரை முழுவதுமாக மிதித்தால் இன்ஜின் எந்த வேகத்துக்கு மேல் ஏற முடியாமல் நிற்கிறதோ, அதுதான் ஸ்டால் வேகம். கம்பெனி கன்வெர்ட்டரில் அது 2,000 ஆர்பிஎம் அளவில் இருந்தது. இவர்கள் விட்டம் குறைந்த, 2,700-க்கு மேல் போகும் ஒன்றை மாட்டினார்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உடனே காற்றைப் பிடித்துக்கொள்ள, முதல் நாள் ஓட்டியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அதோடு ஏழு மாதம் ஓட்டினேன். வெண்ணாற்றங்கரைச் சாலையில் முப்பது வேகத்துக்கு மேல் போக வழியில்லை. என் வண்டியில் லாக்-அப் பூட்டுவது ஐம்பதுக்கு மேல்தான். எனவே என் அன்றாட ஓட்டத்தில் பாதிக்கு மேல் எண்ணெய் வழி இழுவையே. இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும், வண்டி பின்தங்கியே வரும். தை மாத அறுவடையில் பன்னிரண்டு சிப்பம் நெல்லோடு ஈரக்களிமண் வயலிலிருந்து சாலைக்கு ஏறிய ஒரு மாலையில் வண்டியின் கணினியோடு இணைத்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி கருவி கியர் ஆயில் சூட்டை 121 டிகிரி என்று காட்டியது. எண்பதைத் தாண்டி ஒவ்வொரு பத்து, பதினோரு டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் வழங்கும் கணக்கு. லிட்டருக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி பத்தைத் தாண்டவில்லை.

கியர்பாக்ஸை மட்டுமே முப்பது வருடமாகப் பிரித்துச் சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் அடுத்து வண்டியைக் கொண்டுபோனேன். அவர் குதிரைத்திறனைப் பற்றிக் கேட்கவில்லை. “தம்பி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஐம்பதுக்குக் கீழே ஓட்டுகிறீர்கள்?” என்றார். சொன்னேன். “அப்படியென்றால் ஸ்டாலைத் தொடாதீர்கள், லாக்-அப்பைப் பெரிதாக்குங்கள்” என்றார்.

அவர் சொன்ன கணக்கு மிக முக்கியமானது. ஸ்டால் வேகம் கன்வெர்ட்டரின் மேல் பொறித்த நிலையான எண் அல்ல. இன்ஜினின் விசை கூடினால் அதன் வர்க்கமூல அளவில் அதுவும் கூடும். 350-க்கு 2,000 என்றால், 430-க்கு அதே கன்வெர்ட்டர் தானாகவே 2,200-க்கு வந்துவிடும். டீசல் இன்ஜினின் முழு விசையும் அந்த எல்லையிலேயே கிடைக்கிறது. இதற்கு மேல் ஏற்றினால் கிடைப்பது சத்தமும் சூடும்தான். விசை மேலே வரும் பந்தயப் பெட்ரோல் இன்ஜினுக்கு ஹை ஸ்டால் தேவை. என்னுடையது அது இல்லை.

கம்பெனி கன்வெர்ட்டரையே லேத்தில் வெட்டித் திறந்து, ஒற்றைத் தட்டு லாக்-அப்புக்குப் பதில் பல தட்டு லாக்-அப் வைத்து, வெல்டிங் செய்து, சமநிலை பார்த்துக் கொடுத்தார். மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். முதலில் உள்ளே ஆயில் ஊற்றினார். பிறகு இரண்டு கைகளாலும் ஏந்தி, மெல்லத் திருப்பித் திருப்பித் தள்ளினார். ‘டக்’ என்று ஒரு படி உள்ளே போனது. இன்னொரு ‘டக்’. நான் முடிந்தது என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கால் சுற்றுத் திருப்ப, மூன்றாவது ‘டக்’ வந்தது. அது கியர்பாக்ஸின் ஆயில் பம்பின் பல் பிடித்த ஒலி. அது விழாமல் போல்ட்டை இறுக்கினால் பம்ப் உடைந்துவிடும். கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பழைய கூலரைக் கழற்றி எறியச் சொல்லிவிட்டார். தீய்ந்த லைனிங்கின் துகள் அதில் ஒளிந்திருக்கும். எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தொட்டது.

அதன் பிறகு 52,000 கிலோமீட்டர். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்று, வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து கடந்தாலும் ஆயில் சூடு 95-ஐத் தாண்டுவதில்லை. மைலேஜ் மறுபடி பன்னிரண்டு. அதிர்வு ஒருமுறைகூட வரவில்லை. குறைகளும் உண்டு. கிளம்பும் முதல் நொடியில் டர்போ விழிக்கும்வரை வண்டி மந்தம். லாக்-அப் பூட்டும்போது ஒரு சின்ன வெட்டு தெரியும். என் மனைவி அதைக் கவனித்துக் கேட்டாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் முன்னைவிட வேகமாக நகர்கிறது. கடைத்தெருவில் கவனம் வேண்டும்.

நம் பகுதிக்காரர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். கூடுதல் கூலர் போட்டிருந்தால் அறுவடைக் காலத்தில் அதன் இடுக்கில் வைக்கோல் தூசி அப்பிக்கொள்ளும். வாரம் ஒருமுறை பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் தண்ணீர் நிற்கும்போது, சூடான கியர்பாக்ஸ் குளிர்ந்து தன் காற்றுக்குழாய் வழியே நீரை உறிஞ்சும். ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறினால் வண்டியை ஓட்டவே கூடாது. தண்ணீர் பட்ட கிளட்ச் லைனிங் உரிந்துவிடும். அந்தக் குழாயை நான் பானட்டின் உயரத்துக்கு நீட்டி வைத்திருக்கிறேன்.

போன மாதம் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றியபோது, இரும்புத் துகளைப் பிடிக்க அதில் வைத்திருக்கும் காந்தத்தில் ஒட்டியிருந்தது மெல்லிய சாம்பல் பூச்சு மட்டுமே. விரலால் தேய்த்துப் பார்த்தேன், துகள் எதுவும் உறுத்தவில்லை.